இந்த ஃபைலை அடுத்து யார் திறப்பாங்க?

இ.இ.இ. படிக்கிற நண்பர்களே, மூன்றாம் வருடம் தொடங்கியதும் நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் தவறாமல் வரும் கேள்வி இது: "மச்சி, எலெக்ட்ரிக்கல் டிசைனுக்கு என்ன சாப்ட்வேர் படிக்கணும்?" பதிலும் தயாரா இருக்கும். ஆட்டோகேட், எக்ஸெல், முடிஞ்சா ஈடாப். கேட்டவன் "ஓகே டா" சொல்லிட்டுப் போயிடுவான்.

அந்தப் பதிலைத் தப்புன்னு சொல்ல நான் இதை எழுதவில்லை. வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்கள்தான் வருகின்றன. எங்க மாவட்டத்தையே பாருங்க. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஐந்து. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் உடன்குடியில் 660 மெகாவாட் யூனிட் இரண்டு. இந்த மாதிரி இடத்துக்கு டிசைன் செய்யும் கம்பெனியில் சேர்ந்தால், அங்கே என்ன சாப்ட்வேர் இருக்கோ அதில்தான் உட்காரணும். உங்களிடம் யாரும் விருப்பம் கேட்கப் போவதில்லை.

ஆனால் நம்மில் பலர் முதலில் கை வைக்கப்போவது அந்த அளவு வேலையில் இல்லை. ஒரு கிணற்று மோட்டார், ஒரு கல்யாண மண்டபம், ஒரு ஐஸ் பிளான்ட், ஒரு மாவு மில். அங்கே சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கிறது நாமதான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முருங்கை யூனிட்டில் இரண்டு நாள்

எனக்குச் சாத்தான்குளம். தேரி மணலும் பனையும் முருங்கைத் தோட்டமும் உள்ள ஊர். செமஸ்டர் லீவில் எங்க ஊர் எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் ஒருவரோடு வேலைக்குப் போவேன். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான்.

போன வருஷ லீவில் முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கும் சின்ன யூனிட் ஒன்றில் வேலை. ஒரு அக்கா நடத்துறாங்க. புதிதாக ஒரு டிரையர் வாங்கியிருந்தாங்க. இருக்கிற பேனலில் அதற்கு ஒரு ஃபீடர் எடுக்கணும், அவ்வளவுதான். அரை நாள் வேலை என்று நினைத்துப் போனோம்.

பழைய வயரிங்கைச் செய்தவர் இப்போ வளைகுடாவில். அவர் கொடுத்த பென் டிரைவ் அக்காவிடம் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு டி.டபிள்யூ.ஜி. வரைபடம், ஒரு எக்ஸெல் ஷீட். பஜாரில் ஒரு கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். வரைபடம் திறக்கவே இல்லை. அந்தக் கடையில் இருந்தது பழைய ஆட்டோகேட், ஃபைல் புதிய பதிப்பில் சேமித்தது. எக்ஸெல் திறந்தது. ஆனால் மொத்த லோடு என்ற கட்டத்தைக் கிளிக் செய்தால் ஃபார்முலா எதுவும் இல்லை, கையால் டைப் செய்த எண் மட்டும். எந்த மோட்டாரைச் சேர்த்தார், எதை விட்டார், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று எவ்வளவு குறைத்தார், எதுவும் தெரியவில்லை.

"படம் இருந்தும் இல்லாத மாதிரில்லா இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி.

பிறகென்ன, மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு கேபிளாக மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்து, எது எங்கே போகிறது என்று நோட்டில் எழுதினோம். இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டிரையர் ஓடவில்லை. பறித்து வந்த இலை மூட்டையிலேயே பழுத்து மஞ்சளானது. அக்கா எங்களைத் திட்டவில்லை. "உங்க மேல என்ன தப்பு" என்று சொல்லிவிட்டு இலையைக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டாங்க. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில், ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளால் அந்த டி.டபிள்யூ.ஜி.யை மாற்றித் திறந்து பார்த்தேன். எல்லாக் கோடும் ஒரே லேயரில். கேபிள் சைஸ் ஒரு இடத்திலும் எழுதவில்லை. சர்க்யூட் எண் இல்லை, தேதி இல்லை. முதலிலேயே திறந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது.

அதிலிருந்து எனக்குக் கிடைத்த கேள்விதான் தலைப்பில் இருக்கு. எந்த சாப்ட்வேர் பெஸ்ட் என்று கேட்பதற்கு முன், இந்த ஃபைலை அடுத்து யார் திறப்பாங்க, அவங்க கையில் என்ன இருக்கும் என்று கேளுங்க. பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

வரைபடத்துக்கு என்ன?

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வந்தது. அதன் டி.டபிள்யூ.ஜி. இன்று உலகம் முழுக்க ஓடும் ஃபார்மேட். ஆனால் அதன் உள்ளமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிடுவதில்லை. 1998-இல் தொடங்கிய ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்ற அமைப்பு அதைப் பிரித்துப் படித்து, மற்ற மென்பொருள்களும் திறக்க வழி செய்தது. நான் பயன்படுத்திய கன்வெர்ட்டர் அவர்களுடையதுதான். இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு ஃபார்மேட் உண்டு, டி.எக்ஸ்.எஃப். பரிமாற்றத்துக்கென்றே ஆட்டோடெஸ்க் உருவாக்கி, விவரங்களையும் வெளியிட்டது. பெரும்பாலும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்தால்கூட எழுத்துகளைப் படிக்கலாம்.

மாணவர்களுக்கு ஆட்டோகேட் இலவசம். ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும், மாணவராக இருக்கும்வரை புதுப்பிக்கலாம். கண்டிப்பாக வாங்கிப் படிங்க. ஆனால் அந்த லைசென்ஸ் படிப்புக்கு மட்டும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. முந்தைய பதிப்புகளில் இப்படி வரைந்த படத்தை பிரிண்ட் எடுத்தால், மாணவர் பதிப்பில் செய்தது என்று ஓரத்தில் தானாக அச்சாகும். 2016 முதல் புதிதாக ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் வழியும் இல்லை. மாச வாடகை, இல்லன்னா வருஷ வாடகை. மாதம் இரண்டு படம் வரையும் காண்ட்ராக்டருக்கு அது கட்டுப்படியாகாது.

"அதான் கிராக் இருக்கே" என்று நீங்க சொல்வது கேட்குது. 1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கு. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவருக்குச் சிறையை விட்டுக்கொடுக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தொழிலுக்குப் பயன்படுத்தினால் அந்தச் சலுகை இல்லை. மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதை விட்டுடுங்க. நம்ம கையால் கிராக் போட்டுக் கொடுத்தால், பில் போட்டு, ஜி.எஸ்.டி. கட்டித் தொழில் செய்யும் அண்ணாச்சியை நாமே அந்த இடத்தில் நிறுத்துகிறோம்.

அதனால் நான் எடுத்தது லிப்ரேகேட். 2டி மட்டும், இலவசம், விண்டோஸ் லினக்ஸ் இரண்டிலும் ஓடும். தொழிலுக்குப் பயன்படுத்தத் தடை இல்லை. எங்க அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப்தான் என்னிடம் இருப்பது. 4 ஜிபி ராம். இப்போதைய ஆட்டோகேட் குறைந்தபட்சம் 8 ஜிபி கேட்கும். லிப்ரேகேட் இந்த லேப்டாப்பிலேயே சிரமமில்லாமல் ஓடுது.

குறைகளையும் சொல்லணும். டி.டபிள்யூ.ஜி.யை ஓரளவுதான் திறக்கும், சேமிப்பது டி.எக்ஸ்.எஃப்.பில். ஆட்டோகேட்டில் உள்ள அளவு பேப்பர் ஸ்பேஸ் வசதி கிடையாது. ஆர்க்கிடெக்ட் அனுப்பும் கனமான பிளானைத் திறந்தால் திணறும். கான்டாக்டர், ரிலே, டெர்மினல் எண் எல்லாம் வரும் கன்ட்ரோல் வயரிங்குக்கு லிப்ரேகேட்டைவிட க்யூஎலெக்ட்ரோடெக் நல்லது. அதுவும் இலவசம், எலெக்ட்ரிக்கல் சிம்பல்கள் உள்ளேயே இருக்கு. தினமும் டி.டபிள்யூ.ஜி. வாங்கி டி.டபிள்யூ.ஜி. கொடுக்கும் ஆபீஸ் என்றால் இந்த இரண்டும் போதாது. ஆட்டோகேட்டோ, பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் மாதிரி டி.டபிள்யூ.ஜி.யிலேயே வேலை செய்யும் வேறொன்றோ காசு கொடுத்து வாங்குவதுதான் நியாயம். பின்னே சொன்ன இரண்டிலும் நிரந்தர லைசென்ஸ் கிடைக்கும்.

முருங்கை யூனிட்டுக்குப் பிறகு ஒரு வேலையில், சென்னையில் இருக்கும் கன்சல்டன்ட் "டி.டபிள்யூ.ஜி.தான் வேணும்" என்றார். டி.எக்ஸ்.எஃப்.பை அதே கன்வெர்ட்டரில் மாற்றி அனுப்பினேன். சில எழுத்துரு மாறியிருந்தது. கோடும் அளவும் சரியாக இருந்தன. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

கணக்குக்கு என்ன?

உலகத்தின் முதல் பெர்சனல் கம்ப்யூட்டர் ஸ்ப்ரெட்ஷீட்டான விசிகால்க் 1979-இல் வந்தது. எக்ஸெல் 1985-இல், அதுவும் முதலில் மேக் கம்ப்யூட்டருக்கு. லிப்ரே ஆபீஸ் 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்தது. அதில் இருக்கும் கால்க், நம்ம அளவுக்கான எலெக்ட்ரிக்கல் கணக்குக்குத் தாராளமாகப் போதும். எக்ஸெல் ஃபைலைத் திறக்கும், அதிலேயே சேமிக்கும். மேக்ரோ நிறைய எழுதியிருந்தால் மட்டும் சிக்கல் வரலாம். கூகுள் ஷீட்ஸ் வசதிதான். ஆனால் தேரிக்காட்டுக்குள் ஒரு கிணற்றடியில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்கும்போது அந்த வசதி புரியாது.

நம்ம மாநிலத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. 2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்மில் பலர் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழிலேயே இருக்கு.

இப்போ ஒரு கணக்கு. 10 எச்.பி. மோட்டார், அதாவது 7.5 கிலோவாட். 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 88 சதவீதம். கரண்ட் சுமார் 14 ஆம்பியர். போர்டிலிருந்து கிணறு 300 மீட்டர். காப்பர் கேபிள் 70 டிகிரி சூட்டில் இருப்பதாக வைத்துப் போட்டால், வோல்டேஜ் டிராப் தோராயமாக இப்படி வரும்:

4 ஸ்கொயர் எம்எம்: 34 வோல்ட், 8.2 சதவீதம்
6 ஸ்கொயர் எம்எம்: 22.7 வோல்ட், 5.5 சதவீதம்
10 ஸ்கொயர் எம்எம்: 13.5 வோல்ட், 3.3 சதவீதம்
16 ஸ்கொயர் எம்எம்: 8.5 வோல்ட், 2 சதவீதம்

14 ஆம்பியரைத் தாங்க 4 ஸ்கொயரே போதும். கடையில் கேட்டாலும் அதைத்தான் எடுத்துத் தருவாங்க. தூரத்தைக் கணக்கில் எடுத்தால்தான் ஏன் 10 வேணும் என்று தெரியும். சாயங்காலம் லைனிலேயே வோல்டேஜ் இறங்கும் இடத்தில் இன்னும் 34 வோல்ட் போனால், மோட்டார் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகும். காயில் கட்டுகிற செலவு விவசாயி தலையில்.

இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் கிடைக்கும் லாபம் வேகம் மட்டுமில்லை. 300 என்ற கட்டத்தை 450 என்று மாற்றினால் நான்கு வரியும் மாறும், தோட்டக்காரர் முன்னாடியே காட்டலாம். "ஏன் இவ்வளவு தடிப்பான கேபிள்?" என்று கேட்டவர் திரையைப் பார்த்துவிட்டு, "அப்போ போர்டைக் கிணத்துப் பக்கம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. ஈ.பி. ஆபீஸில் கேட்கலாம் என்று அண்ணாச்சி சொன்னார்.

எந்தச் சாப்ட்வேரும் சொல்லாத ஒன்று

எக்ஸெல், கால்க் இரண்டிலும் கொசைன் ஃபங்ஷன் கோணத்தை ரேடியனில் எடுக்கும். நாம் டிகிரியில் யோசிப்போம். கோணம் 31.8 டிகிரி என்றால் சரியான பவர் ஃபேக்டர் 0.85. ரேடியனாக மாற்றாமல் 31.8 என்று அப்படியே கொடுத்தால் 0.927 என்று வரும். மைனஸில் ஒரு எண் வந்தால் உடனே சந்தேகம் வரும். 0.927 நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். கரண்ட் 14-க்குப் பதில் 12.8 என்று காட்டும். அதை வைத்து ஓவர்லோடு ரிலேயை செட் செய்தால், முழு லோடில் ஓடும் மோட்டார் காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகலாம். காசு கொடுத்து வாங்கிய எக்ஸெலும் இலவச கால்க்கும் இதில் ஒரே மாதிரிதான்.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் ஃபார்மேட்டில் ஏற்றியது. அதில் 65,536 வரிதான் கொள்ளும். 15,841 நோயாளிகளின் விவரம் எண்ணிக்கையில் சேராமல் போனது. ஃபார்மேட் தேர்வு எவ்வளவு தூரம் போகும் பாருங்க. ஹார்வர்ட் பொருளாதார அறிஞர்கள் ரெயின்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010 ஆய்வுக் கட்டுரையில், சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகளின் வரிகள் விட்டுப்போயிருந்தன. 2013-இல் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டதில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவரின் பங்கு முக்கியம். ஆசிரியர்கள் தங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டை, ஃபார்முலாவோடு, அவருக்கு அனுப்பியதால்தான் அது தெரிந்தது. எண்ணை மட்டும் டைப் செய்து கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

முருங்கை யூனிட் ஷீட்டும் எனக்கு அங்கேதான் ஞாபகத்துக்கு வந்தது. ஃபார்முலா உள்ள ஷீட்டில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கலாம். வெறும் எண் உள்ள ஷீட்டை நம்பலாம், இல்லன்னா தூக்கிப் போடலாம்.

நாங்க இப்போ செய்வது

அண்ணாச்சியும் நானும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வேணும்னா எடுத்துக்கோங்க.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று ஃபைல்: டி.எக்ஸ்.எஃப். வரைபடம், அதன் பி.டி.எஃப்., கணக்கு ஷீட். கிணற்றடியில் நிற்கும் வயர்மேனுக்கு செல்போனில் பி.டி.எஃப். போதும். நாளைக்கு மாற்றி வரைபவருக்கு டி.எக்ஸ்.எஃப்.

வரைபடத்தில் பவர், லைட்டிங், எர்த்திங் தனித்தனி லேயர். ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு எண். அதே எண் ஷீட்டின் கேபிள் ஷெட்யூலில். அங்கே ஒரு காலம் தமிழில்: "கிணறு மோட்டார்", "பழைய டிரையர்", "வாசல் லைட்". மூலையில் தேதி, எத்தனையாவது திருத்தம்.

ஸ்கேலை எழுத்தில் மட்டும் நம்புவதில்லை, படத்துக்குள்ளேயே ஒரு அளவுகோல் வரைந்துவிடுகிறோம். ஜெராக்ஸ் கடையில் ஏ3 படத்தை ஏ4-இல் அடக்கி பிரிண்ட் போட்டால், 1:100 என்ற எழுத்து பொய்யாகிவிடும். வரைந்த அளவுகோல் படத்தோடு சேர்ந்து சுருங்கும்.

ஷீட்டில் நாம் கொடுக்கும் எண்களுக்கு மஞ்சள் நிறம், ஃபார்முலா கட்டங்களுக்கு நிறம் இல்லை. எதை மாற்றலாம் என்று பார்த்ததும் தெரியும். முதல் வரியை மட்டும் கால்குலேட்டரில் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். அண்ணாச்சி அதைத் தன் பழைய கால்குலேட்டரில்தான் போடுவார். "மெஷின் சொன்னதை மெஷின்ட்டயே கேட்டா அது ஆமான்னுதான சொல்லும்" என்பார்.

கடைசியாக, ஒரு பிரிண்ட்டை லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுவோம். பென் டிரைவ் தொலையலாம், சாப்ட்வேர் கம்பெனி விலையை ஏற்றலாம், நானே வேலைக்கு வெளியூர் போயிடலாம். அந்தக் கதவைத் திறப்பவருக்கு லாகின் வேண்டாம்.

இதில் எதற்கும் ஆட்டோகேட் தடையில்லை. ஆட்டோகேட்டில் செய்தாலும் இதே வழக்கம்தான். காசு கொடுத்த லைசென்ஸ் உள்ள ஆபீஸில் சேர்ந்தால் அதை மனநிறைவோடு பயன்படுத்துங்க. லிப்ரேகேட்டில் லைன், ட்ரிம், ஆஃப்செட் பழகியவருக்கு அங்கே கை ஓடுவதற்கு ரொம்ப நாள் ஆகாது.

ஜூனியர்ஸுக்கு ஒரு வேலை கொடுக்கட்டுமா? போன வருஷ மினி புராஜெக்ட் ஃபைல்களை எடுத்து, வேறு டிபார்ட்மெண்ட் நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் திறந்து பாருங்க. நீங்க பக்கத்தில் நிற்காமல் அவர் எத்தனை கேபிளைப் படித்துச் சொல்றார் என்று எண்ணுங்க. அப்படியே உங்க வீட்டு மெயின் போர்டு கதவுக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கு என்றும் பாருங்க. ஒன்றுமே இல்லை என்றால், இந்த லீவில் முதலில் வரைய வேண்டிய படம் அதுதான். வரைந்து முடித்ததும் நம்ம இதழுக்கு அனுப்புங்க, அடுத்த மாதம் போடுவோம்.